பொருட்காட்சி முத்திரையில் ஓர் உழவன்

1922ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மலாயா-போர்னியோ பொருட்காட்சி நடைபெற்றது. நாட்டின் விளைபொருளையும் தொழில்களையும் காட்டவே அஃது எழுந்தது. ஆயினும், அதன் நினைவு அஞ்சல் தலைகளுக்கெனப் புதுப்படம் எதுவும் வரையப்படவில்லை. பழைய தலைகளின்மேல் பொருட்காட்சியின் பெயரை ஆங்கிலத்தில் அச்சிட்டதோடு அமைந்தனர்.

நீரிணைக் குடியேற்றத் தலைகளில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முகம். புருணைத் தலைகளில் ஆற்றுக் காட்சி. கெடாவின் தலைகள் சிலவற்றிலோ, ஏர் ஓட்டும் மலாய் உழவன். விளைவைப் போற்றும் விழாவுக்கு இவனினும் பொருத்தமான படம் யாது? எனினும், இவன் 1912 முதலே அத்தலைகளில் இருந்தவன். விழாவுக்கென அழைக்கப்பட்டவன் அல்லன்.

விளைவைக் காட்ட முனைந்தோர் விளைவித்தவனைக் காட்ட எண்ணவில்லை என்பதே நம் குறை. இத்தலைகளை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், மேலெழுத்தை மட்டுமன்றி, அதனடியில் உள்ள ஏரையும் காணச் செய்தல் வேண்டும்.