கத்தரிக்கு முன் தண்ணீர்

வடக்கனந்தலில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனால், அளவு நாடாவை எடுக்கும் முன்பே தையல்காரம்மா கேட்பார்: "லைனிங்க நனைச்சிட்டீங்களாக்கா?" இல்லையென்றால் துணி வாளிக்குப் போகும், ஜாக்கெட் ஒரு நாள் தள்ளிப்போகும். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பவர்களும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. நனைக்காமல் வைத்த பருத்தி ஃபால்ஸ் முதல் துவையலிலேயே இழுத்துக்கொண்டு சேலையின் கீழ்க்கரையைச் சுருட்டிவிடும் என்பது அவர்கள் கைகண்ட உண்மை.

ஆனால் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும்போது மட்டும் இதே கைகள் கொஞ்சம் தளர்ந்துவிடுகின்றன. துண்டுத் துணிதானே என்ற நினைப்பு. எனக்கோ அங்கேதான் தண்ணீர் கட்டாயம் என்று படுகிறது. ஜாக்கெட்டில் இரண்டு துணி ஒத்துப்போனால் போதும். போர்வையில் பாப்ளின், ரூபியா, கைத்தறி, சுங்குடி என்று பல வீட்டிலிருந்து வந்த மருமகள்கள் ஒரே கூரையின் கீழ் காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

தறியில் பாவு இழை விறைப்பாக இழுபட்டுக் கிடக்கும். நெய்து, கஞ்சி ஏற்றி, மடித்துக் கடைக்கு வரும்வரை அந்த விறைப்பு முழுதாகத் தளர்வதில்லை. முதல் தண்ணீரில்தான் இழை ஊறிப் பருக்கிறது. பருத்த இழையைச் சுற்றி வளைந்துபோக மற்ற இழைக்கு நீளம் கூடுதலாக வேண்டும், அதனால் துணி உள்வாங்குகிறது. ஊடை வாக்கைவிடப் பாவு வாக்கில் பொதுவாக அதிகம் சுருங்கும். மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் போவது சாதாரணம். அமெரிக்கர் சான்ஃபோர்டு க்ளூவெட் 1930-ல் காப்புரிமை பெற்ற சான்ஃபரைஸ்டு முறையில் ஆலையிலேயே சுருக்கி அனுப்பிய துணியோ ஏறக்குறைய அசையாது. அதன் பக்கத்தில் நனைக்காத கைத்தறித் துண்டை வைத்துத் தைத்துத் துவைத்தால் ஒன்று நிற்கும், மற்றது இழுக்கும், தையல் கோணிக்கொள்ளும்.

துணிக்குத் தண்ணீர் காட்டிய பிறகே வேலையில் இறங்குவது நம் கரைக்குப் பழைய பாடம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் ஐரோப்பாவில் படுக்கை விரிப்பாகவும் பஞ்சு வைத்துத் தைத்த போர்வையாகவும் ஆயின. பிரான்ஸ் 1686-ல் தடை போடும் அளவுக்கு அங்கே மோகம். ஜேசு சபைப் பாதிரியார் கேர்தூ இங்கிருந்து 1742-ல் எழுதிய கடிதத்தில் அந்த வேலையை விவரித்திருக்கிறார். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்ததில் ஊறவைத்து, உலர்த்தி, கட்டையால் வழவழவென்று அடித்த பிறகுதான் அதில் கோடு விழும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலின் கொழுப்பு மையைப் படர விடாது. பிறகு சாயவேர்ச் சிவப்பில் கொதிக்கவைத்து, அலசி, வெயிலில் போட்டு, மறுபடி அலசி என்று துணி பட்ட பாடு கொஞ்சமல்ல. அருங்காட்சியகங்களில் இன்றும் அந்தச் சிவப்பு பளிச்சென்று நிற்பதற்கு அந்தப் பாடுதான் காரணம். எங்களுக்கு மேற்கே தெரியும் கல்வராயன் மலைக் காட்டிலும் அதே கடுக்காய்தான் காய்க்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு தனிப் பெருமை.

நேர் எதிரான கதையும் நம்முடையதே. 1958 வாக்கில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம் போட்ட துணி, அங்கே துவைத்ததும் சாயத்தை இறைத்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். வியாபாரிகளோ, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்து அதை நாகரிகமாக்கினார்கள். சட்டையில் கட்டங்கள் ஒன்றோடொன்று கரைந்தால் அழகுதான். அந்தத் துணியை வெள்ளை மல்லுக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்திருந்தால் போர்வை முழுக்கக் கறைதான்.

நனைக்காமல் தைப்பதே அழகு என்பவர்களும் உண்டு. தைத்து முடித்து முதல்முறை துவைக்கும்போது துணியும் உள்ளே வைத்த பஞ்சும் சேர்ந்து சுருங்க, மேலெல்லாம் மெல்லிய சுருக்கம் விழுந்து பழம்போர்வையின் களை வரும். ஒரே ஆலை, ஒரே ரகம் என்றால் நானும் தலையாட்டுவேன். கலப்புத் துண்டுகளில் அந்தச் சுருக்கம் ஒரு பக்கம் மட்டும் விழும். வடகன்னடத்துச் சித்தி சமூகப் பெண்களின் கவந்திப் போர்வையில் இந்தத் தகராறே கிடையாது. உடுத்தித் துவைத்துப் பழசான துணிகளைத்தான் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போகிறார்கள். சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கிவிட்டது.

நனைப்பதிலும் கைப்பக்குவம் இருக்கிறது. துணியை மடிப்போடு அகலப் பாத்திரத்தில் அமிழ்த்தி இரவு விட்டால் போதும். சோப்பு வேண்டாம். காலையில் தண்ணீர் கலங்கி, ஆலைக் கஞ்சியின் புளித்த வாடை வரும். முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையால் அழுத்தி வடித்து நிழலில் போட வேண்டும். முறுக்கினால் இழை சாயும், அப்புறம் எவ்வளவு இஸ்திரி போட்டாலும் நேர் இழை கிடைக்காது. முக்கால் காய்ச்சலில் இரண்டு பேர் எதிரெதிர் மூலையைப் பிடித்து இழுத்துவிட்டால் துணி சதுரத்துக்கு வரும். உள்ளங்கை அளவுத் துண்டுகள் வாளியில் பிசிறாகிவிடும். அவற்றை ஈரத் துண்டுக்குள் வைத்துச் சூடாக அழுத்தினால் போதும்.

புதுத்துணியின் மொறுமொறுப்புப் போய்விடுமே, வெட்டக் கை நிற்காதே என்பது நியாயமான கவலை. அதற்கு வடிகஞ்சி இருக்கிறது. தண்ணீர் விட்டு வடிகட்டி முக்கி எடுத்து இஸ்திரி போட்டால் கடை விறைப்பே தோற்கும், கத்தரி கோடு பிசகாமல் ஓடும்.

சாயத்துக்குச் சோதனை ஒன்றே: ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பது. சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் வம்பு செய்யும். கல் உப்புப் போட்டால் நின்றுவிடும் என்பார்கள். சாயத்தொட்டியில் சாயத்தை இழைக்குள் தள்ளுவதுதான் உப்பின் வேலை, ஏறி முடிந்ததைக் கட்டிப்போடாது. இரண்டு மூன்று தண்ணீர் மாற்றியும் நிறம் விடுகிற சிவப்பை வெளிர்நிறங்களின் பக்கமே கொண்டுபோகாமல், கருநீலத் துண்டுகளோடு சேர்த்துத் தனிப் போர்வையாகத் தைத்துவிடலாம்.