ஆடிக்கூழ்: பாடலும் நினைவும்

ஊர் பெயர்ந்து வாழ்வோர் தம் ஊரை நினைவுகூரும் வழிகளுள் உணவு முதன்மையானது. மொழி குன்றலாம், வழிபாடு மாறலாம், நாவின் பழக்கம் இலகுவில் மாறுவதில்லை என்பர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878-1953) ஆடிப்பிறப்புப் பாடல் தக்கதோர் சான்றாகும். யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்கென எழுந்த இப்பாடல், கொள்ளுப்பிட்டி முதல் வெள்ளவத்தை ஈறாகக் காலி வீதியை அண்டி வாழும் தமிழரிடையேயும், கடல் கடந்து வாழ்வோரிடையேயும் இன்றும் வழங்குகின்றது.

பாடலின் பொருள் எளிது. ஆடி முதல் நாள் விடுமுறை, வீட்டிலே பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும் உண்டு, சிறுவர் மகிழ்கின்றனர். எனினும் அதன் அமைப்பு ஊன்றி நோக்கற்பாலது. சுவையைப் புகழும் அடைமொழிகளிலும் வினைச்சொற்களே இதில் மிகுதி. பயறு வறுத்தல், அரிசி இடித்தல், தெள்ளுதல், தேங்காய் துருவுதல், மாவைக் குழைத்தல், கூழைத் துழாவுதல் எனத் தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. சிறுவர்க்கும் இதிற் பங்குண்டு: பலாவிலை பொறுக்கிக் கோலுதல் அவர்தம் பணி. உண்ணும் இன்பத்தை ஆக்கும் செயலினின்றும் புலவர் பிரிக்கவில்லை. சமையற் குறிப்பாகவே கொள்ளத்தக்க நுணுக்கம் இருந்தும் பாடல் வறட்சியுறவில்லை. அத்தொழில்கள் யாவும் வாயூறக் காத்திருக்கும் குழந்தையின் கண்வழியே காட்டப்படுதலே இதற்குக் காரணம் எனலாம்.

கொழும்பு வாசகரிடத்து இப்பாடல் வேறொரு பொருளும் பெறுகின்றது. மாடிக் குடியிருப்பில் உரலில்லை, பலா மரமுமில்லை. மா கடையிற் பொதியாகக் கிடைக்கின்றது. பனங்கட்டியோ வடக்கிலிருந்து வரவேண்டியது. யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை 1990இல் நின்று 2014இலேயே மீண்டது. 2002இல் திறக்கப்பட்ட ஏ-9 வீதியும் 2006இல் மறுபடி மூடப்பட்டது. அத்தகைய காலத்தில் ஊரிலிருந்து வந்து சேரும் பனங்கட்டிக் குட்டான் ஒன்று வெறும் இனிப்புப் பண்டமாக இருந்திருக்க இயலாது.

ஆடி என்னும் சொல்லும் மாறிற்று. 1983 யூலை 24 முதலாகக் கொழும்பில் தமிழரின் இல்லங்களும் கடைகளும் எரியூட்டப்பட்டன, வெள்ளவத்தையும் தப்பவில்லை. ஆடிப்பிறப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின்னர் நிகழ்ந்த அவ்வழிவு, ஆடிக் கலவரம் என்றே வழங்கப்படுகின்றது. பாடலில் ஆனந்தத்துக்குரியதாய் நின்ற மாதம் கொழும்பிலே அச்சத்துக்கும் உரியதாயிற்று. அங்கு இதனைப் பிள்ளைக்குப் பாடிக் காட்டுபவர், தாம் கண்டோ பிறர் சொல்லக் கேட்டோ, இரண்டு ஆடிகளையும் அறிந்தவராவர்.

பாடலின் எல்லைகளைச் சுட்டுதலும் திறனாய்வின் கடன். பனங்கட்டி பாடலில் உண்டு. பனையேறிக் கருப்பநீர் இறக்கியவரும் அதனைக் காய்ச்சியவரும் அங்கு இல்லை. யாழ்ப்பாணச் சாதியமைப்பு அத்தொழிலாளரை எவ்விடத்தில் வைத்திருந்தது என்பதை மறந்து பனங்கட்டியைப் பண்பாட்டுச் சின்னமாக்குதல் அரைகுறை நினைவேயாகும். மேலும், தாய் அவிக்கிறாள், துழாவுகிறாள், வார்க்கிறாள். அவள் உண்பதைப் பாடல் காட்டவில்லை. கொட்டாஞ்சேனையில் வாழும் தமிழகப் பூர்வீகத்தினர்க்கு ஆடிக்கூழ் என்பது அம்மன் கோயில்களில் வார்க்கப்படும் கேழ்வரகுக் கூழையே நினைவூட்டக்கூடும். ஆகவே ‘தமிழர் மரபுணவு’ என ஒன்றைப் பொதுமைப்படுத்துங்கால் யாருடைய நினைவு பேசப்படுகின்றது என்னும் வினா எழுதல் வேண்டும்.

இக்குறைகள் பாடலின் மதிப்பைக் குலைப்பனவல்ல. அதனைப் படிக்கும் முறையைத் திருத்துவன. ஆடிப்பிறப்பன்று மேடையிற் பாடலை ஒப்புவித்து, விலைக்கு வாங்கிய கூழை அருந்தி, மரபு காக்கப்பட்டதென அமைதியுறுவோர் பாடல் கூறுவதன் பாதியையே கேட்டவராவர். புலவரின் சிறுவர் கூழைப் பெறுமுன் இலை பொறுக்க ஓடுகின்றனர். கொழும்பிலே இலை கிடையாது போகலாம், அகப்பை கிடைக்கும். அதனைப் பிள்ளையின் கையிற் கொடுத்து, பனங்கட்டி யாரால் ஆயிற்று என்பதையும் உடன் சொல்லும் வீட்டிலேதான் இப்பாடல் முழுமையாகப் படிக்கப்படுகின்றது.