ஆளில்லாத பீரங்கி

காங்கேயத்தில் கடல் இல்லை. ஆனால் கொப்பரைக் களத்தில் காக்கைமேல் கல் எறிந்தவனுக்கு ஒன்று தெரியும்: காக்கை இருக்கிற இடத்துக்கு அல்ல, அது போய்ச் சேரும் இடத்துக்கு எறிய வேண்டும். போர்க்கப்பலின் விமான எதிர்ப்புப் பீரங்கிக்கும் இதே கணக்குத்தான். குண்டு எத்தனை விநாடி கழித்து வெடிக்க வேண்டும் என்பதையும் அந்நாளில் முன்பே திருகி வைத்தாக வேண்டியிருந்தது. செங்குத்தாகப் பாய்ந்து வரும் விமானத்திடம் பெரும்பாலும் கணக்கு தோற்றுவிடும். தோற்கிற கணக்கோடு அங்கே நின்றுகொண்டிருப்பதுதான் அந்த அனுபவம்.

1942 ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையிலிருந்து கிளம்பிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அப்போது அதில் ஒரு விமானம்கூட இல்லை. பீரங்கிகளும் மனிதர்களும்தான். 307 பேர் மாண்டார்கள்.

'வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் அதே ஹெர்மிஸ் விமானங்களோடு மிதக்கிறது. அக்கா மகன் ஆடும்போது, விமானத்தைச் சுடுவது யார் என்று கேட்டேன்.

"அது தானாச் சுட்டுக்குமுங்க மாமா."

எந்தப் பக்கத்துக்குப் பலம் கூட்டுவது போன்றவை மட்டுமே ஆடுகிறவன் பொறுப்பு. குறி இயந்திரத்துடையது. கப்பலின் உருவத்தை எவ்வளவோ சிரத்தையுடன் செய்திருக்கிறார்கள். மனிதன் நின்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். நம் சரித்திர நாவல்களில் பலவும் இப்படித்தான். வாள் மின்னும், பிடித்த கை நடுங்காது.

விளையாட்டுத்தானே என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. பயத்தைக் கழித்துவிட்ட யுத்தம், யுத்தத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பையன்மேல் குற்றமில்லை. களத்தில் அவனும் கல் எறிந்தவன்தான். அந்தக் கை இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.