தேநீர் ஊற்றும் லெப்டினன்டும் அல்லிராணியும்

1807. கொன்ஸ்தாந்திநோபிள் நகரத்துச் சிறையில் ஒரு பெண் அடைபட்டிருக்கிறாள். அவளை விசாரித்துவிட்டு வந்த செலீம் என்ற லெப்டினன்ட், மேலதிகாரியான ஆகாவின் முன்னால் நின்று அவள் அளந்ததையெல்லாம் ஒப்புவிக்கிறான். வாள்வீச்சில் பல வகை தெரியுமாம், தப்பிப்பதில் கெட்டிக்காரியாம். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் வெளியே வந்துவிடுகிறாள். உடந்தையாக இருந்தான் என்று செலீமின் கழுத்துக்கு வாள் வருகிறது. அவளே வந்து அவனையும் மீட்கிறாள். பிறகு இருவரும் ஒரு பறக்கும் படகில் ஏறிப் போய்விடுகிறார்கள். பறக்கும் படகு என்றதும் முகத்தைச் சுளிப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

கனடாக்காரரான டொனி கிளிஃப் எழுதி வரைந்து 2013இல் வெளிவந்த ‘டிலைலா டர்க்’ கிராபிக் நாவல் வரிசையின் தொடக்கம் இது. டிலைலாவின் தந்தை ஆங்கிலேயத் தூதர், தாய் கிரேக்கப் பெண். கதை முழுக்க அவளுடைய ஓட்டமும் பாய்ச்சலும்தான். ஆனால் கதையைச் சொல்வது செலீம். அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை நல்ல தேநீர் தயாரிப்பது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் ரசித்தேன். வீராங்கனையின் மனத்துக்குள் நம்மை அனுப்பாமல், அவள் பக்கத்தில் பயந்து நடுங்கும் ஓர் ஒழுங்கான மனிதனின் கண்ணை நமக்கு இரவல் தருகிறார் கிளிஃப். அவள் எதற்காகத் தாவுகிறாள் என்று விளக்கம் வருவதில்லை. தாவுகிறாள், அவ்வளவுதான். செலீம் ஓர் அமைதியான ஊரில் தங்கிவிட நினைத்து, சில நாளிலேயே அந்த அமைதி அலுத்துப் போகும் இடம் இந்த நூலின் மிக நல்ல பகுதி. வாளே எடுக்காத பக்கங்கள் அவை.

அதே 1807இல் லண்டனில் இன்னொரு புத்தகம் அச்சாயிற்று. இலங்கையில் பாதிரியாராக இருந்து திரும்பிய ஜேம்ஸ் கோர்டினர் எழுதிய இலங்கை விவரணம் அது. அதில் மன்னார்க் கரையிலுள்ள எங்கள் அரிப்பு என்ற ஊர் வருகிறது. தேசாதிபதி பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிட வரும்போது தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கடலோர மேட்டில் எழுப்பிய மாளிகையும் வருகிறது. நோர்த்துக்குக் கிரேக்கப் பித்து. இங்கே வருவதற்கு முன்பே கோர்பூ தீவில் கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். பிற்காலத்தில் அதே தீவில் ஒரு கலாசாலையைத் தொடக்கியவர். ஆகவே முத்துச் சிப்பியின் நாற்றம் வீசும் இந்தக் கரையில் டோரிக் தூண்களை நிறுத்தினார். உள்ளே செங்கல், மேலே சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புச் சாந்து, பளிங்கு போல மினுங்கும்படி பூசப்பட்டது. டிலைலாவின் பறக்கும் படகு கொஞ்சம் தெற்கே திரும்பியிருந்தால் இந்த மொட்டை மாடியில் இறங்கியிருக்கலாம். இலங்கையில் அப்போது தேயிலைத் தோட்டம் கிடையாது என்பது ஒன்றுதான் செலீமுக்குக் குறையாக இருந்திருக்கும்.

கடல் அந்த மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது. மிச்சமிருப்பவை சில சுவர்களும் செங்கல் தெரியும் தூண்களும். ஊர்க்காரரிடம் நோர்த்தின் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார்கள். அவர்களுக்கு அது அல்லிராணிக் கோட்டை. தேசாதிபதி கட்டிய வீட்டை ஊர் பிடுங்கி ஒரு ராணிக்குக் கொடுத்துவிட்டது. சரியான கைக்குத்தான் போயிருக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழில் சித்திரக்கதை வாசித்து வளர்ந்தவர்களுக்குச் சாகசக்காரி என்றால் முதலில் மாடஸ்டி பிளைசிதான். சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 1984இல் தொடங்கியபோது முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்டி’. பீட்டர் ஓ’டொனல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963இல் லண்டன் மாலைப் பத்திரிகையில் பிறந்தவள். கூட்டாளி வில்லி கார்வின் அவளை இளவரசி என்றே அழைப்பான். தமிழ் வாசகர்களும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டார்கள். இவள் சரித்திர நாயகி அல்ல. ஆனாலும் வில்லி செய்வதும் செலீம் செய்வதும் ஒரே வேலை. அவளைப் பார்த்து வியக்கும் ஒரு துணைக் கண் கட்டத்துக்குள்ளேயே இருக்கும்போது வாசகன் தனியாக வியக்க வேண்டியதில்லை.

சரித்திரம் என்று வந்துவிட்டால் என் அளவுகோல் வேறு. அது பிரான்சுவா பூர்ஜோன். முதலில் வண்ணக் கண்ணாடிச் சித்திரம் செய்பவராக இருந்த பிரெஞ்சுக்காரர். 1980க்கும் 1984க்கும் இடையில் அவருடைய ‘காற்றின் பயணிகள்’ ஐந்து தொகுதிகளாக வந்தது. இஸா என்ற பெண், சிறுவயது விளையாட்டாகத் தோழியோடு ஆள் மாற, அந்தத் தோழி திரும்ப மாற மறுத்துவிட, பெயரையும் பிறப்பையும் இழந்தவள். போர்க்கப்பல், இங்கிலாந்தின் மிதக்கும் சிறை, ஆபிரிக்கக் கரையில் அடிமை வணிகத் துறைமுகமான யூதா, பிறகு அட்லாண்டிக்கைக் கடக்கும் அடிமைக் கப்பல் மாரி கரோலின் என்று கதை போகிறது. காலம் 1780களின் தொடக்கம். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் திருகோணமலையைப் பிடித்ததும் அந்த ஆண்டுகளில்தான், 1782இல்.

பூர்ஜோன் வரைவதற்கு முன் கப்பலைச் சின்ன அளவில் மரத்தில் செய்து வைத்துக்கொண்டார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைந்தார். அதன் பலன் ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும். எந்தக் கயிறு எந்தப் பாய்க்குப் போகிறது என்று விரல் வைத்துப் பின்தொடரலாம். கீழ்த்தளத்தில் நிற்பவன் நிமிர முடியாமல் கழுத்தைச் சாய்த்திருப்பான். கூரை அத்தனை தாழ்வு. மழை பெய்தால் தளத்துப் பலகையின் நிறம் மாறும். இப்படி உலகம் கனமாக இருந்தால்தான் அதற்குள் ஒரு பெண் துணிச்சலாக நடப்பதற்கு அர்த்தம் வரும். எதுவும் இடிக்காத, எதுவும் கிழிக்காத வெறும் பின்னணியில் யார் வேண்டுமானாலும் வீராங்கனை ஆகலாம்.

பூர்ஜோன் இஸாவைத் தப்பவும் விடுவதில்லை. அடிமைக் கப்பலில் அவள் பயணி. கீழே சங்கிலியில் கிடப்பவர்களைப் பார்த்து அவளுக்கு வயிறு கலங்குகிறது. ஆனால் அவள் படுக்கும் கட்டில் மேல்தளத்தில். அவள் நல்லவள், துணிந்தவள், அப்படியும் அந்த வியாபாரத்தின் காற்றில்தான் அவளும் மிதக்கிறாள். அந்தத் தொகுதியில் அவர் வரையும் கூட்டக் காட்சிகள் சிலவற்றைத் தாங்குவது கடினம். சிறுவர்களிடம் கொடுக்கும் நூல் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கத்தில் சரித்திர வீராங்கனைகளை வரையும் வேலையை நெடுங்காலம் செய்தது அமர் சித்ர கதா. அனந்த் பை 1967இல் தொடங்கியது. ஜான்சி ராணியும் உள்ளாலின் அப்பக்கா ராணியும் அதில் வந்தார்கள். 2022இல் இந்தியக் கலாசார அமைச்சோடு சேர்ந்து அவர்கள் கொண்டுவந்த, விடுதலைப் போரின் அறியப்படாத வீராங்கனைகள் பற்றிய சித்திர நூலில் சிவகங்கை வேலுநாச்சியாரும் இருக்கிறார். நல்ல முயற்சிகள்தாம். ஆனால் அந்த ராணிகள் குதிரை மேலேயே இருக்கிறார்கள். கால் சேற்றில் படுவதில்லை. ஒவ்வொரு கட்டமும் பாடம் சொல்லிக் கொடுக்க நிமிர்ந்து நிற்கிறது. வேலுநாச்சியார் கணவனை இழந்து, மகளோடு ஆண்டுக்கணக்கில் விருப்பாச்சியில் ஒளிந்திருந்தவர். 1780இல் சீமையை மீட்டவர். அந்த ஒளிந்திருந்த ஆண்டுகளை யாராவது நூறு பக்கம் வரைந்தால் நான் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். வெற்றி ஊர்வலத்தை யாரும் வரைந்துவிடலாம்.

அல்லிக்கு வருகிறேன். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’தான் அவளுடைய புத்தகம். பெரிய எழுத்துப் பதிப்பாக வீட்டுக்கு வீடு இருந்தது. திண்ணையில் ஒருவர் இராகமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அட்டையில் ஒரு சித்திரம். எழுத்தும் படமும் சேர்ந்து, மலிவு விலையில், எழுத்துக்கூட்டி வாசிப்பவரையும் சேர்த்துக்கொண்டு ஓடிய அந்தப் புத்தகங்களைத் தமிழ்க் காமிக்ஸின் பாட்டிமார் என்று சொன்னால் தப்பில்லை.

கதையில் அவள் மதுரையைப் பிடித்து வைத்திருந்த நீன்முகனை வென்று அரசாள்பவள், பெண்களையே படையாக வைத்திருப்பவள், ஆண்வாடை ஆகாதவள். எங்கள் பக்கத்துக் கதையில் அவள் அரண்மனை தெற்கே வில்பத்துக் கரையின் குதிரைமலையில் இருந்தது. முத்தைக் கொடுத்து அரபுக் குதிரை வாங்கினாள். மதுரையா குதிரைமலையா என்று சண்டை பிடிக்க எனக்கு ஆசையில்லை. சித்திரக்காரனுக்கு இரண்டாவதே நல்லது. செம்மண் மேடு, அதன் அடியில் கடல், படகில் வந்திறங்கும் குதிரைகள். இதற்கு மேல் ஒரு முதல் பக்கத்துக்கு என்ன வேண்டும்?

கனமான உலகம் வேண்டும் என்றேனே, அதற்குப் பஞ்சமே இல்லை. அந்தக் காலத்து முத்துக்குளிப்பை மட்டும் எடுங்கள். இரவு பத்து மணியளவில் பீரங்கி வெடிக்கும். தரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் பாரை நோக்கிப் போகும். பார் என்பது சிப்பி விளையும் கடலடித் திட்டு. பெரிய பார், சேவல் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. விடிந்ததும் குளிப்பு. கோர்டினர் காலத்துப் படகு ஒன்றில் ஐந்து கல், பத்துக் குளியாட்கள். ஒரு கல்லுக்கு இருவர், மாறி மாறி. குளியாள் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் பாதத்தை ஊன்றி, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு இறங்குவான். அடியைத் தொட்டதும் கல் மேலே போய்விடும். ஒரு நிமிடம் போலக் கையால் துழாவிச் சிப்பியை வலைப்பையில் அள்ளி, கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவான். மேலே கயிறு பிடிப்பவனின் கையில் இருக்கிறது அவன் உயிர். மதியம் கடற்காற்று எழுந்ததும் கரை திரும்புவார்கள். சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டி படகுகள் திரும்பும்வரை கரையில் நின்றுகொண்டிருப்பார்.

இதை எப்படி வரைவது? பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரிக்கலாம். நடுவில் கயிறு, மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. இடப் பத்தியில் இறக்கம், வலப் பத்தியில் ஏற்றம். பேச்சுக் குமிழி ஒன்றும் கூடாது. நீருக்கடியில் வேறு குமிழிகள் இருக்கின்றன. பார்வை கயிற்றைப் பிடித்து இறங்கி ஏறும்போது வாசிப்பவருக்கே மூச்சு முட்ட வேண்டும். திரைப்படத்தில் அந்த ஒரு நிமிடத்தை இயக்குநர் அளந்து தருவார். சித்திரக்கதையில் அடியில் எவ்வளவு நேரம் தங்குவது என்பது நம் கண்ணின் விருப்பம். இந்தக் கலையின் மேல் எனக்குள்ள ஈர்ப்பில் பாதி இதுதான்.

குளிப்பு நடக்கும் சில வாரங்களுக்கு வெறும் மணலில் ஒரு பட்டினம் முளைக்கும். கொட்டு எனப்படும் வேலிக்குள் சிப்பியை எண்ணிப் பங்கிடுவார்கள். பிற்காலக் கணக்கில் மூன்றில் ஒன்று குளியாளுக்கு, இரண்டு அரசாங்கத்துக்கு. மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம். கீழக்கரையார், அரபிகள், பம்பாய் வியாபாரிகள். 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். மறு ஆண்டு மரிச்சுக்கட்டி முகாமில் வேலை பார்த்த இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃப், அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் ஈக்களையும் பிறகு எழுதி வைத்தார். கடலில் இறங்குபவர்கள் எல்லோரும் ஆண்கள். அப்படியானால் அந்தக் கல்லின் மேல் ஒரு பெண் கால் வைப்பதே சாகசம், வாள் எதற்கு?

அல்லி கதையில் சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. அருச்சுனன் கண்ணனின் துணையோடு பாம்பு வேடத்தில் மாயமாக உள்ளே வந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். பிறகு அவள் சீறுகிறாள், கடைசியில் அடங்குகிறாள், புலந்திரனுக்குத் தாய் ஆகிறாள். நாடக மேடையில் இதைச் சிரிப்பும் பாட்டுமாகக் கடந்தார்கள். காகிதத்தில் அப்படிக் கடக்க முடியாது. கட்டம் அங்கேயே நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாம்பு வேடமும் படுக்கையறையும் அட்டைப் படத்துக்குத் தோதானவை என்று நினைக்கும் ஓவியர் கையில் இந்தக் கதை சிக்கினால் வீண். காட்சியை முழுக்க விட்டுவிட்டு, விழித்தெழும் நேரத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்பேன். ஒன்பது சிறு கட்டங்கள். வெளிச்சம் ஏறுகிறது, கை கழுத்துக்குப் போகிறது, நிற்கிறது. முகத்தைக் காட்டவே வேண்டாம்.

அதைப் பார்ப்பது யாருடைய கண்? அருச்சுனனுடையது அல்ல, கண்ணனுடையது அல்லவே அல்ல. அன்றிரவு வாசலில் காவல் இருந்து, உள்ளே யார் போனார் என்று அறியாமல் போன தோழி ஒருத்தியின் கண். முழுக் கதையையும் அவளே சொல்லட்டும். அவளுக்குக் குற்ற உணர்வும் இருக்கும், ராணி மேல் கோபமும் இருக்கும், செலீமைப் போல ஏதாவது ஒரு சாதாரணக் கைவேலையும் தெரிந்திருக்கும். வலைப்பை பின்னுவாள் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லி அடங்கினாளா இல்லையா என்பதில் கடைசிவரை அவளுக்குச் சந்தேகம் தீரக்கூடாது.

வண்ணத்தில் மட்டும் பூர்ஜோனைப் பார்த்து எழுதக்கூடாது. அவருடைய சாம்பல் நீலம் வடக்கத்திக் கடலுக்குரியது. குளிப்புக் காலமான மாசி, பங்குனியில் மன்னார்க் குடாவின் வெயில் எல்லா நிறத்தையும் உறிஞ்சி வெளுக்க வைக்கும். நிழல்தான் அங்கே நிறம். ஆகவே கரைப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் விட்டு, கடலடிப் பக்கங்களுக்கு மட்டும் வண்ணம் கொடுக்கலாம். கையடக்கமாகச் சுருக்கி அச்சிடக்கூடாது. பெரிய அளவில், கயிறு மடிப்பில் முறியாதபடி.