சொல்லும் நாதமும்: இரு இசைத்தட்டுக்கள் பற்றிய ஓர் ஒப்பாய்வு

சொல்லோடு கூடிய இசையே பொருளுடையது என்பர் ஒரு சாரார். சொல்லை ஒழித்த இசையே தூயது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளுக்கும் மேலைநாட்டு இசையிலிருந்து சான்று காட்டப் புகுவார்க்கு இசைத்தட்டுக்கள் இரண்டு உள. ஒன்று, அமெரிக்க இரட்டையரான போல் சைமனும் ஆர்ட் கார்பங்கலும் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிறிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வோட்டர்'. மற்றையது, ஆங்கிலேயரான மைக் ஓல்ட்பீல்ட் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரியூபுலர் பெல்ஸ்'. முன்னது வெகுசனப் பாட்டு. பின்னது முற்போக்கு றொக் எனப்படும் நெறியைச் சார்ந்த வாத்திய இசை.

முன்னதன்கண் பாடல்கள் பதினொன்று. பொருளால் அவை வெவ்வேறானவை. ஒரு பாடலின் மெட்டுப் பெருநாட்டு இசைவாணர் டானியல் அலோமியா றொபிள்ஸ் என்பாருடையது. இன்னொன்று பிறர் பாடிப் புகழ்பெற்ற பழம்பாட்டு. இவற்றைப் பிணித்து நிற்பது இருவர் குரலின் இயைபே. ஆயினும் தலைப்புப் பாடலில் கார்பங்கலின் தனிக்குரலே நெடிது ஒலிக்க, அதனை இயற்றிய சைமன் இறுதிப் பகுதியிலேயே உடன் சேர்கின்றார். துன்புற்றார்க்குத் துணைநிற்றலைப் பாடிய இவ்விருவரும் அவ்வாண்டிலேயே பிரிந்தனர்.

பின்னதோ தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக இரு நெடும்பகுதிகளே உடையது. பத்தொன்பது வயதினரான ஓல்ட்பீல்ட், கருவிகளுட் பெரும்பாலானவற்றைத் தாமே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். தொடக்கத்து மெட்டு ஏழும் எட்டுமாகிய எண்ணிக்கையில் மாறிமாறிச் செல்வதால், செவி அமைதிகொள்ளாது அதனைத் தொடர்ந்து செல்கின்றது.

இனி, இவற்றின் உச்சங்களை நோக்குவோம். இரட்டையரின் தட்டில் 'த பொக்ஸர்' என்னும் பாடல், வறிய இளைஞன் ஒருவன் நியூயோர்க் நகரில் வேலை தேடித் தனித்தலைவதைச் சொல்வது. அவன் துயர் மிகுமிடத்துப் பாட்டிற் சொல் இல்லை. பொருளற்ற அசைகளே திரும்பத்திரும்ப எழுகின்றன. அவ்விடத்துக்குச் சொற்கள் கிடைக்கவில்லை எனச் சைமனே பின்னர்க் கூறியதுண்டு. எனினும் கேட்போர் நெஞ்சில் நிலைப்பது அவ்விடமே. இசைநிறை என இலக்கண நூலார் வகுத்த அசைகள், ஈண்டு இசையை நிறைப்பதோடு பொருளையும் நிறைக்கின்றன.

ஓல்ட்பீல்டின் முதற்பகுதி முடியுமிடத்து இதற்கு மறுதலையான செயல் நிகழ்கின்றது. விவியன் ஸ்டான்ஷல் என்பாரது குரல் புகுந்து கருவிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அறிவிக்கின்றது. பெயர் சொன்னதும் அக்கருவி மெட்டினை ஏற்கின்றது. ஈற்றிற் குழாய்மணிகள் ஒலிக்கின்றன. வெறும் பெயர்ப்பட்டியலே ஆயினும், அது நம்மை எதிர்பார்ப்பின் விளிம்பில் நிறுத்துகின்றது. சொல்லை விலக்கிய இசை தன் உச்சத்தில் மனிதக் குரலை நாடுகின்றது.

எனவே, முற்கூறிய இரு சாராரையும் இவ்விரு தட்டுக்களே மறுக்கின்றன. இரண்டனுள் எது சிறந்தது எனின், முன்னதே என்பது எம் துணிபு. ஓல்ட்பீல்டின் இரண்டாம் பகுதி பல துண்டுகளின் தொகுப்பாய்த் தளர்கின்றது. சைமனின் அசைகளோ, ஒரு வாழ்க்கையைச் சொல்லால் உரைத்து, அச்சொல் இனி ஆற்றாது என்னும் நிலையிற் பிறந்தவை. பாட்டினை எளிதென்று இகழ்வாரும் வாத்திய இசையைப் பொருளற்றதென்று ஒதுக்குவாரும் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பாராக.