மிஸ் மார்ப்பிள் புதினங்களில் சிற்றூரும் அறிதலும்

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் வரிசையில் 1930 முதல் 1976 வரை 12 புதினங்கள் வெளிவந்தன. துப்பறியும் கதை தரும் இன்பத்தை, இழந்த ஏதேனுக்கு மீளும் கனவாக டபிள்யூ. எச். ஆடன் 1948இல் விளக்கினார். இவ்விளக்கம் இவ்வரிசைக்கு முழுதும் பொருந்துவதாகத் தெரியவில்லை.

செயின்ட் மேரி மீடில் வாழும் மார்ப்பிள், அண்டை வீட்டாரின் சிறுமைகளை நெடுங்காலம் கண்டு பெற்ற ஒப்புமையறிவால் குற்றவாளியை இனங்காண்கிறார். ஊர்வம்பு என இகழப்படுவது இங்குச் சான்றாக உயர்கிறது. அதாவது, கொலை நிகழுமுன்பே ஊர் தூயதாக இருந்ததில்லை என்பதை அவர் அறிவார்.

அவ்வறிவும் நிலைப்பதில்லை. 1950இல் வெளிவந்த ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’ புதினத்தில், போருக்குப் பிந்தைய சிற்றூரில் குடியேறியவர்களுக்குப் பங்கீட்டு அட்டையும் அடையாள அட்டையுமே சான்று. அவர்களின் முன்வரலாற்றை அறிந்தவர் எவருமில்லை. 1962ஆம் ஆண்டுப் புதினத்திலோ செயின்ட் மேரி மீடை ஒட்டியே புதிய குடியிருப்பு எழுந்துவிடுகிறது.

எனவே வாசகர் பெறும் இதம், ஒருவரையொருவர் அறிந்த ஊரில் வாழ்வதன் இதமே எனலாம். எவரும் பிறர் பார்வைக்குத் தப்ப இயலாமை அதன் விலை. பொழுதுபோக்கு என இவற்றை ஒதுக்கும் திறனாய்வு இவ்விலையைக் காணத் தவறுகிறது.