படத்துக்கு முந்திய கதை

சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் சோழபுரத்து வீடுகளில் காலண்டருக்குப் பஞ்சமில்லை. முருகனும் லட்சுமியும் போக மிஞ்சிய சுவரில் புலி நிற்கும். மான் தண்ணீர் குடிக்கும். இரண்டு கிளிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் அழகான படங்கள்தாம். ஆனால் ஒரு வருஷம் முழுதும் தினம் பார்த்தாலும் அந்தப் புலியைப்பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. எந்தக் காட்டுப் புலி, எந்த வேளையில் எடுத்தது, காட்டில்தான் எடுத்ததா என்று கேட்கக்கூடத் தோன்றுவதில்லை.

இதற்கு நேர் மாறான படங்கள் மா. கிருஷ்ணனுடையவை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை அவர், 1912இல் பிறந்தவர். சண்டூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு மாதச் சம்பளத்தை நாடாமல் சென்னைக்கு வந்து, எழுத்தையும் படத்தையுமே நம்பிக் காலந்தள்ளினார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996 பிப்ரவரியில் கண்மூடும்வரை நிறுத்தவில்லை. ஒரு கம்பெனியின் காமிரா, இன்னொரு கம்பெனியின் லென்ஸ், இரண்டையும் பிடித்துக் கட்ட வீட்டிலேயே செய்த பூட்டுகள் என்று ஒரு யந்திரத்தைச் சேர்த்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் வைத்திருந்தார். அந்தப் பாரத்தைச் சுமந்து கால்நடையாகவும், பழக்கிய யானையின் முதுகில் ஏறியும் காட்டுக்குள் போனார். கலர் பிலிம் சர்வசாதாரணமான பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை.

2006இல் வெளிவந்த 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற தொகுப்பைப் புரட்டினால், மிருகம் தன் காட்டோடு சேர்ந்து நிற்பது தெரியும். பின்னணியை மழுங்கடித்து முகத்தை மட்டும் தூக்கிக் காட்டும் இன்றைய வித்தை அங்கே இல்லை. யானையின் சாம்பலும் மூங்கிலின் சாம்பலும் கலந்து கிடக்க, முதலில் காடுதான் கண்ணில் படுகிறது; பிறகுதான் யானை. காட்டுக்குப் போகிறவனுக்கு யானை தெரிகிற விதமும் அதுதானே!

எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே சொல்லிவிடுகிறேன். 2009இல் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம் சம்பந்தப்பட்ட போட்டியில், மரக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படத்துக்கு முதற்பரிசு கொடுத்தார்கள். 2010 ஜனவரியில் அது பழக்கிய ஓநாயாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிப் பரிசைப் பறித்தார்கள். எடுத்தவர் மறுத்தார். படம் என்னவோ அதே படந்தான். நிலா வெளிச்சம் போன்ற அந்த ஒளியும் ஓநாயின் பாய்ச்சலும் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. பின் எது கெட்டுப்போயிற்று?

நான் கதை எழுதுகிறவன். கதாநாயகி கிணற்றில் விழவேண்டுமென்றால் நானே தள்ளிவிடுகிறேன். யாரும் என்மேல் வழக்குப் போடுவதில்லை. அந்த உரிமையை வாசகர் முதல் பக்கத்திலேயே எனக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறார். போட்டோ பார்க்கிறவர் அப்படி எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. 'இது நடந்தது, நடந்தபோது ஒருவர் அருகில் இருந்தார்' என்ற நம்பிக்கையில் பார்க்கிறார். அதனால் இந்தக் கலையில் மட்டும், படம் கிடைத்த வழியும் படத்தின் ஓர் அங்கமாகிவிடுகிறது. ஐக்கிய மாகாணத்துக் காட்டிலாகா அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அதன் கால் பட்டதும் வெளிச்சம் வெடித்துப் படம் விழும்படி செய்தார்; 1927இல் புத்தகமே போட்டார். தந்திரந்தான், சந்தேகமில்லை. ஆனாலும் தன் வழியே போன புலி அது.

இதெல்லாம் வெறும் ரசனைத் தகராறு என்று நினைப்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்கு ஒருமுறை போய்வரலாம். சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் அங்கே சரணாலயம் ஏற்பட்டது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. இந்த அணில், அடுத்தடுத்த மரங்களின் தலைகள் தொட்டுக்கொள்ளும் இடமாகப் பார்த்துக் கூடு கட்டும். ஆபத்து வந்தால் தரையில் இறங்காமலே அடுத்த மரத்துக்குப் போய்விடலாம் அல்லவா? படம் எடுக்க வந்தவர் மறைக்கிறதென்று ஒரு கொப்பை ஒடித்தால் லென்ஸுக்கு வழி கிடைக்கும். அணிலுக்கு வழி போய்விடும். ஒடித்த கொப்பு படத்தில் விழாது. பயந்துபோன அணில் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அந்தச் சமயம் பார்த்து எடுத்துக் கீழே 'ஓய்வு' என்று போட்டுவிட்டால் நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நம்பிவிடுவோம். பறவைக் கூட்டை மூடிய இலைகளை விலக்கி எடுத்த படங்களும் இந்த ரகந்தான். வெயிலும் காக்கையும் அப்புறம் வந்து சேர்கின்றன.

கிருஷ்ணனிடம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. யானைக்கும் காட்டெருமைக்கும் கறுப்பு வெள்ளை போதும், மீன்கொத்திக்குப் போதாது. நிறமே உடம்பாக வந்த பிராணியைச் சாம்பலில் காட்டுவதும் பாதி உண்மைதான் என்பது என் அபிப்பிராயம். அவர் நிறத்தை எழுத்தில் ஈடு செய்தார் என்பார்கள். அந்த எழுத்தோ பெரும்பாலும் இங்கிலீஷில் போய்விட்டது. தமிழிலும் நாவல் எழுதியவர், அழகான இயற்கைக் கட்டுரைகள் எழுதியவர். அவை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக நம் கைக்கு வந்தது அவர் காலத்துக்குப் பிறகுதான்.

பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 12 படம், மிஞ்சினால் 36. காசு கரைகிறதே என்ற பயமாவது கையைக் கட்டிப்போட்டது. இன்றைய காமிரா விநாடிக்கு இருபது படம் எடுக்கிறது. புளியமரத்து அணில் அதற்காக ஒரு விநாடி முன்னால் வருவதில்லை. சமயத்தில் நாள் முழுதும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருந்தும், இலைகளுக்கிடையே தொங்கும் வால் ஒன்றுதான் படத்தில் விழுகிறது. அந்த வாலை எந்தப் பத்திரிகை அட்டையில் போடும் என்று தெரியவில்லை. போட்டால் நான் ஒரு பிரதி வாங்குவேன்.